நாற்காலி மாற்று

நோவோட்னி வீட்டுச் சமையலறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள். ஜன்னலை ஒட்டியது ஹெட்விக்குடையது. சுவரை ஒட்டியது அவள் கணவர் அன்செல்முடையது. அது ஆடும். அவர்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்தே ஆடிக்கொண்டிருந்தது.

ஹெட்விக் பழைய செய்தித்தாளை நான்காக மடித்து அதன் காலுக்கு அடியில் செருகுவாள். பெருக்கும்போது அது நழுவிவிடும். மறுபடி மடிப்பாள்.

"ஒரு கால் குட்டை. தச்சன்கிட்ட குடுத்தா அரை மணி நேர வேலை," என்பாள்.

"நாற்காலி நல்லாத்தான் இருக்கு, ஹெடி. தரைதான் கோணல். சண்டையப்போ பக்கத்து வீட்டுல குண்டு விழுந்துச்சே, அப்ப அந்த மூலை இறங்கிடுச்சு," என்பார் அன்செல்ம்.

"அப்ப நகர்த்திப் பாத்துட வேண்டியதுதானே?"

"பாத்தா முடிஞ்சிடும். அப்புறம் சூப் குடிக்கும்போது எதைப் பேசுறது?"

இப்படிப்பட்ட மனிதரைத்தான் வியன்னாவின் பத்திரிகைகள் அறிவியலின் எதிரி என்று எழுதின. ஒரு பத்திரிகை அவரைத் துடைப்பத்தில் ஏறிப் பறக்கும் கிழவனாக வரைந்து போட்டது. அன்செல்ம் அதை வெட்டி எடுத்துச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்தார். பார்க்கும்போதெல்லாம் ஹெட்விக்குக்கு நெஞ்சு சுருக்கென்றது. அவர் மட்டும் சிரிப்பார். "துடைப்பம் நல்லா வந்திருக்கு, பாரு. மூக்குதான் கொஞ்சம் அநியாயம்."

அவர் பௌதிகம் படித்தவர். பிறகு பௌதிகம் எப்படி உண்மையைக் கண்டுபிடிக்கிறது என்று யோசிக்கப் போய், தத்துவப் பேராசிரியர் ஆனவர். அவருடைய புத்தகம் சொன்னது இவ்வளவுதான்: அறிவுக்கு ஒரே ஒரு வாசல் கிடையாது. பெரிய கண்டுபிடிப்புகள் பலவும் அந்தந்தக் காலத்தின் விதியை மீறியே வந்திருக்கின்றன. நேற்று முட்டாள்தனம் என்று விரட்டப்பட்டது இன்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆகவே இன்றைக்கு முட்டாள்தனமாகத் தோன்றுவதையும் உட்காரவைத்துக் கேள். அதை ஏற்கவேண்டாம், விரட்டாதே. அதன் முகத்தில்தான் உன் முகத்து அழுக்கு உனக்குத் தெரியும்.

இதற்குத்தான் அத்தனை சண்டை. மாநாடுகளில் கூச்சல், பழகிய நண்பர்கள் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிப் போவது, தபாலில் வசவு. போதாததற்கு, உலகத்தில் வேறு யாரும் கதவு திறக்காத மனிதர்கள் எல்லாம் புதன்கிழமைதோறும் நோவோட்னி வீட்டு மணியை அடித்தார்கள். ஜாதகம் பார்ப்பவர்கள், பூமி உள்ளே குழிவானது என்று நிரூபித்தவர்கள், தண்ணீரோடு பேசுகிறவர்கள். எல்லாருக்கும் ஹெட்விக்தான் காப்பி போட்டாள், கேக் வெட்டினாள், போனபின் கோப்பை கழுவினாள்.

"உங்க வீட்டுக்காரர் எங்க ஆளு, இல்லையா?" என்று ஒருவர் பெருமையாகக் கேட்டார்.

"அவர் யாரோட ஆளும் இல்ல. முப்பது வருஷமாச்சு, எனக்கே இன்னும் நிச்சயமாத் தெரியல," என்றாள் ஹெட்விக்.

அந்த ஊரில் கணவனின் பட்டம் மனைவிக்கும் உண்டு. ரொட்டிக்கடையில், சிகரெட்டுக் கடையில், மாடிப்படியில், எல்லா இடத்திலும் அவள் 'புரொஃபசரம்மா'தான். பீர் ஆலையில் மூட்டை தூக்கியவரின் மகள் அவள். பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுத் தட்டச்சு படித்தவள். பட்டம் அவருக்கு, பாத்திரம் எனக்கு என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள்.

"புரொஃபசரம்மா, ரொட்டி உப்புறதுக்கு ஈஸ்ட் வேணாம்னு உங்க வீட்டுக்காரர் எழுதியிருக்காராமே?" என்று ரொட்டிக்கடைக்காரி ஒரு நாள் வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"அப்படி எழுதல. ஈஸ்ட் வேணாம்னு சொல்றவனைக் கடையை விட்டு விரட்டாதீங்கன்னுதான் எழுதியிருக்கார்."

"விரட்டலைன்னா ரொட்டி எப்படி உப்பும்?"

"அது எனக்கும் தெரியல. அரைக் கிலோ குடுங்க."

கடையில் சிரித்தார்கள். ஹெட்விக்கும் சிரித்தாள். தெருமுனை திரும்பியதும் பையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்து நின்றாள். கால் வலி இல்லை. அது களைப்பு. ஒரு மனிதரின் வாய்க்கும் ஊரின் காதுக்கும் நடுவில் வருடக்கணக்காக நின்ற களைப்பு.

போர் முடிந்த வருடம் பல்கலைக்கழகப் பௌதிகத் துறையில் அவள் தட்டச்சு வேலை பார்த்தாள். ஒருநாள் வகுப்பு அறையிலிருந்து தடதடவென்று சத்தம் வந்தது. தச்சர்கள் உள்ளே வேலை செய்கிறார்கள் என்று நினைத்தாள். பிறகுதான் தெரிந்தது, பாடம் பிடித்திருந்தால் இங்கே மாணவர்கள் கை தட்டமாட்டார்கள். விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். கதவு திறந்து, மேலங்கியில் இரண்டு பொத்தான் இல்லாத ஓர் இளைஞர் வெளியே வந்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"அவ்வளவு சத்தமாவா தட்டினாங்க?" என்று அவளிடம் கேட்டார்.

"கட்டடம் இடியுதுன்னு நினைச்சேன்," என்றாள். பொத்தான் தைத்துக் கொடுத்தாள். அடுத்த வருடம் கல்யாணம்.

அந்த அன்செல்ம் வேறு ஆள். அறிவியல் சொன்னால் சொன்னதுதான் என்று இருந்தவர். சூப்பில் எவ்வளவு உப்பு என்பதற்குக் கூட ஒரு சரியான விடை உண்டு என்று நம்பியவர். அந்த அன்செல்ம் எந்த இடத்தில் இந்த அன்செல்மாக மாறினார் என்று மாநாடுகளில் பலர் விவாதித்தார்கள். ஒருவர் ஜெர்மனியில் அதைப்பற்றி ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதினார். யாருக்கும் தெரியவில்லை. ஹெட்விக்குக்கு மட்டும் தெரியும்.

அவர்களுக்கு ஒரு பெண் பிறந்தது. ரேஸி. அப்பாவின் மூக்கு, அம்மாவின் பிடிவாதம். நாலு வயது நடந்தபோது ஒரு பனிக்காலத்தில் அவளுக்கு வயிற்றுவலி வந்தது, கூடவே காய்ச்சல். மஞ்சள் சுவர் வைத்த அந்த மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பெரிய டாக்டர் வந்து பார்த்தார். நரைத்த மீசை, கனிவான முகம். சாதாரண வயிற்றுக் கோளாறு என்றார்.

"இல்லீங்க. வலது பக்கத்தைப் பிடிச்சிக்கிட்டே இருக்கா. காலை நீட்டவே மாட்டேங்கறா. இது வேற மாதிரி அழுகை," என்றாள் ஹெட்விக்.

டாக்டர் கோபப்படவில்லை. அவர் புன்னகைத்தார். அம்மாக்கள் பயப்படுவதற்கென்றே பிறந்தவர்கள் என்றார். ஹெட்விக் மறுபடி வாயைத் திறந்தாள். அப்போது அன்செல்ம் அவள் கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னார்: "ஹெடி, பேசாம இரு. அவருக்குத் தெரியும்."

அவள் பேசாமல் இருந்தாள். குடல்வால் வெடித்து ரேஸி அந்த வாரமே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அந்தப் பெயர் அந்த வீட்டில் உச்சரிக்கப்படவில்லை. சண்டை போட்டிருந்தால் ஆறியிருக்குமோ என்னவோ. போடவில்லை. அவர் படிக்கும் அறையில் உட்கார்ந்தார். அவள் அடுப்படியில் நின்றாள். வருடங்கள் கழித்து அந்தப் பெரிய புத்தகத்தின் கையெழுத்துப் படியை அவளிடம் கொடுத்தார். அவள்தான் தட்டச்சு செய்தாள். நடுவில் ஒரு வரி வந்தது: 'அறையில் இருப்பவர்களிலேயே குறைவாகப் படித்தவரின் வாயை மூடிவிட்டுப் பெற்ற அறிவு, அறிவு அல்ல.'

ஹெட்விக்கின் விரல்கள் நின்றுவிட்டன. அடுத்த அறையில் அவர் இருமும் சத்தம் கேட்டது. எழுந்துபோய் ஏதாவது சொல்லலாமா என்று நினைத்தாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு அடுத்த வரியைத் தட்டினாள். உலகத்துக்கு அது தத்துவம். அவளுக்கு அது அவர் கேட்ட மன்னிப்பு. ஆனால் அச்சடித்த மன்னிப்பு, பெயர் போடாத மன்னிப்பு.

அவர் வகுப்பில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். இரண்டு பேரை எதிரெதிரே உட்காரவைத்து வாதம் செய்யச் சொல்வார். சூடு பிடிக்கும் நேரத்தில் மேசையை இரண்டு தட்டுத் தட்டி, "நாற்காலி மாற்று," என்பார். இருவரும் எழுந்து இடம் மாறி உட்காரவேண்டும். இதுவரை எதிர்த்ததை இனி ஆதரிக்கவேண்டும், அதுவும் ஒப்புக்கு இல்லை, ஜெயிக்கிறதற்காக. எதிராளியின் நாற்காலியில் உட்கார்ந்து அவன் வாதத்தை அவனைவிட நன்றாகச் சொல்ல முடியாதவனுக்கு அவனை மறுக்க உரிமை இல்லை என்பது அவர் கட்சி. தோற்றவர் மேசையைத் தட்டி ஒப்புக்கொள்ளவேண்டும்.

அந்த விளையாட்டு வீட்டுக்கும் வந்தது. திரைச்சீலைக்கு நீலமா பச்சையா, கோடைக்கு ஏரியா மலையா, எல்லாவற்றுக்கும் நாற்காலி மாற்று. எப்போதும் அவர்தான் கூப்பிடுவார். எப்போதும் அவள்தான் தோற்பாள். பச்சைத் திரைச்சீலை வேண்டாம் என்று ஆரம்பித்து, பச்சைதான் அழகு என்று தானே பேசி முடித்துவிட்டு, மேசையைத் தட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போவாள்.

எழுபத்தொன்பதாம் வருடம் பனிக்காலத்தில் அன்செல்முக்கு விலாவுக்குக் கீழே வலி வந்தது. கொழுப்பு சாப்பிட்டால் வரும், போகும். குடும்ப டாக்டர் பிரம்மர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டுப் பித்தப்பையில் கல் என்றார். இப்போதே அறுத்து எடுத்துவிடுவது நல்லது. பெரிய காரியம் இல்லை என்றார்.

"யோசிக்கிறேன்," என்றார் அன்செல்ம்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு, புரொஃபசர்?"

"யோசிக்க என்ன இருக்குன்னு யாராவது கேட்டா, எனக்கு அங்கதான் யோசிக்கத் தோணுது."

டாக்டர் பிரம்மர் ஹெட்விக்கைப் பார்த்தார். ஹெட்விக் தரையைப் பார்த்தாள்.

அந்தப் புதன்கிழமை திருமதி ஷிமெக் வந்தாள். வாரம் தவறாமல் வருகிறவள். கையில் ஊசல் வைத்துக்கொண்டு நோய் பார்ப்பவள். தடித்த, நல்ல மனசுக்காரி. விஷயம் கேட்டதும் ஊசலைத் தொங்கவிட்டுப் பார்த்தாள். கருமுள்ளங்கியின் நடுவைக் குடைந்து தேன் ஊற்றிவைத்து, கசியும் சாற்றைக் காலையில் வெறும் வயிற்றில் குடித்தால் கல் கரைந்துவிடும் என்றாள். ஈஸ்டர் வரை விடாமல் குடிக்கவேண்டும்.

அன்செல்ம் விடாமல் குடித்தார். குடைந்து கொடுத்தது ஹெட்விக்தான். வீடெல்லாம் முள்ளங்கி நாற்றம்.

"நீ இதை நம்பறியா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"அப்புறம் எதுக்குக் குடிக்கிற?"

"அந்தம்மா பேச்சைப் பாதி கேட்டுட்டு நடுவுல எந்திரிச்சுப் போனா, கேட்டதாவே ஆகாது, ஹெடி. முழுசாக் கேக்கணும்."

"கல்லுக்கும் இந்த நியாயம் தெரியுமா?"

அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். அவர் சொன்ன காரணம் பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. டாக்டர் பிரம்மர் சீட்டு எழுதிக் கொடுத்தது எந்த மருத்துவமனைக்கு என்று ஹெட்விக்குக்குத் தெரியும். அந்த மஞ்சள் சுவர் இருக்கும் தெரு வழியாக டிராம் போனால், அன்செல்ம் முன்னாலேயே இறங்கி அடுத்த தெரு வழியாக நடப்பார். ஒரு தடவை அல்ல, எல்லாத் தடவையும். அவள் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொண்டதே இல்லை.

ஈஸ்டர் வந்தது. பன்றித் தொடையும் முட்டையும் மேசையில் இருந்தன; அவரால் ஒரு துண்டு விழுங்க முடியவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் அவர் கண்ணைப் பார்த்தாள். வெள்ளை விழி எலுமிச்சை நிறத்தில் இருந்தது. அன்று மாலைக்குள் குளிர் நடுக்கமும் வந்துவிட்டது.

மறுநாள் டாக்டர் பிரம்மர் வந்து கத்திவிட்டுப் போனார். அன்செல்மின் பழைய சிநேகிதர் வெஸ்ஸெலி தொலைபேசியில் கத்தினார். வெஸ்ஸெலி பௌதிகப் பேராசிரியர். அந்தப் புத்தகம் வந்த நாளிலிருந்து அன்செல்மைப் பத்திரிகைகளில் திட்டி எழுதுகிறவர். ஆனால் அன்செல்மின் பிறந்தநாளுக்கு ஒரு புட்டி ஒயின் அனுப்பத் தவறாதவர்.

"அவன் கொள்கைக்காகச் சாகப்போறான், ஹெடி. முட்டாள். நான் சொன்னேன்னு சொல்லு."

"முட்டாள்னு நீங்க சொன்னதாச் சொன்னா சந்தோஷப்படுவார், வெஸ்ஸெலி. வேற ஏதாவது சொல்லுங்க."

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

ஹெட்விக் சமையலறைக்கு வந்தாள். அன்செல்ம் தன் நாற்காலியில், ஒரு போர்வைக்குள் உட்கார்ந்திருந்தார். மதிய வெளிச்சம் மேசைமேல் விழுந்திருந்தது. கெஞ்சினால் அவர் சிரிப்பார், கத்தினால் கேள்வி கேட்பார், அழுதால் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருப்பார் என்று அவளுக்குத் தெரியும். எல்லாம் பண்ணிப் பார்த்தாயிற்று. அவள் மேசைக்குப் பக்கத்தில் நின்று விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"நாற்காலி மாற்று," என்றாள்.

அன்செல்ம் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடத்தில் அவள் கூப்பிட்டது அதுதான் முதல் முறை.

"இப்பவா?"

"இப்பத்தான். எந்திரி."

அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சுற்றிவந்து ஜன்னல் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். அது அவளுக்கு அடியில் டொக்கென்று ஆடியது.

"நான் அன்செல்ம். ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன். நீ ஹெடி. என்னைப் போகவைக்கணும்," என்றாள்.

"ஆரம்பி."

ஆரம்பித்தாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நான் போகமாட்டேன். ஏன்னா டாக்டருங்க தெரியாததைத் தெரியும்னு சொல்லுவாங்க. சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க. ஏன்னா அந்த மஞ்சள் சுவருக்குள்ள ஒரு தடவை போனேன். ரெண்டு பேராப் போகல. மூணு பேராப் போனோம். எம் பொண்ணு என் தோள்ல இருந்தா. அவ பேரு ரேஸி."

அந்தப் பெயர் மேசைமேல் விழுந்து கிடந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. வெளியே முற்றத்தில் யாரோ கம்பளத்தைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்செல்ம் கண்ணை மூடிக்கொண்டார். விளையாட்டை நிறுத்திவிடுவார் என்று நினைத்தாள். அவர் நிறுத்தவில்லை. எதிராளியின் நாற்காலியில் உட்கார்ந்தால் ஜெயிக்கிறதற்காகத்தான் பேசவேண்டும்; அது அவர் போட்ட விதி.

"அன்செல்ம்," என்று தன் பெயரையே கூப்பிட்டார். "அன்னிக்கு அந்த அறையில டாக்டர் மட்டுமா இருந்தார்? ஒருத்திக்குச் சரியாத் தெரிஞ்சிருந்துச்சு. வலது பக்கம்னு சொன்னா. வேற மாதிரி அழுகைன்னு சொன்னா. டாக்டர் அவ வாயை மூடல. அவர் சிரிக்கத்தான் செஞ்சார். வாயை மூடினது நீ."

அவர் மேலே பேசினார்.

"அதுக்கப்புறம் நீ ஒரு புத்தகம் எழுதின. யார் வாயையும் மூடாதேன்னு எழுதின. ஊசல்காரி பேச்சைக் கேட்ட, குழிப்பூமிக்காரன் பேச்சைக் கேட்ட. வீட்டுல ஒருத்தி பனிக்காலத்திலேருந்து சொல்லிக்கிட்டே இருக்கா, போகலாம்னு. அதே பொம்பளை, அதே குரல். அவளை மட்டும் நீ கேக்கல." அவருக்கு மூச்சு வாங்கியது. "டாக்டர் சொல்றார்னு போகவேணாம், அன்செல்ம். அறிவியல் சொல்லுதுன்னும் போகவேணாம். அவ சொல்றா. ரெண்டாவது தடவையும் அவளைப் பேசாம இருன்னு சொல்லிட்டா, நீ எழுதினது அத்தனையும் வெறும் காகிதம்."

ஹெட்விக் விரல்களை மடக்கி மேசையைத் தட்டினாள். ஒரு தட்டு, இன்னொரு தட்டு. பிறகு நிறுத்த முடியாமல் தட்டிக்கொண்டே இருந்தாள், அந்தக் காலத்து வகுப்பறை முழுவதும் அவள் ஒருத்தியின் கைக்குள் இருந்ததுபோல. கண்ணீர் கன்னத்தில் வழிந்து கழுத்துக்குள் இறங்கியது. துடைக்கவில்லை.

"தோத்துட்டியா?" என்று கேட்டார்.

"தோத்துட்டேன்."

"அப்ப என் தொப்பியைக் குடு."

டாக்ஸி மஞ்சள் சுவர்த் தெருவுக்குள் திரும்பியபோது அவர் அவள் கையைப் பிடித்தார். விடவில்லை.

அறுவை செய்தவர் இளம் மனிதர். ஹெட்விக்கை உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்டார்: எப்போது வலித்தது, எப்போது நிறம் மாறியது, என்ன சாப்பிட்டார். அவள் சொன்னதை ஒரு தடவைகூட இடைமறிக்கவில்லை. நிச்சயமாகச் சொல்வதற்கு எதுவும் இல்லை என்றும், முயற்சி செய்வதாகவும் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவளுக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. ஆனால் குழாய்க்குள் சீழ் பிடித்து ரத்தத்தில் ஏறியிருந்தது. கல்லை எடுத்தார்கள். நோயை எடுக்க முடியவில்லை. அந்த வாரக் கடைசியில், கஷ்கொட்டை மரங்களில் பூ விடும் பருவத்தில், அன்செல்ம் நோவோட்னி கண்ணை மூடினார். ஆடைகளை ஒரு பொட்டலமாகக் கட்டி ஹெட்விக்கிடம் கொடுத்தார்கள். மேலே தொப்பி இருந்தது.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்து வாசலில் இருந்த உணவுவிடுதியில் எல்லாரும் கூடினார்கள். வேகவைத்த மாட்டிறைச்சி, காரமான குதிரைமுள்ளங்கித் துருவல், வெள்ளை ஒயின். இரண்டு கூட்டமும் வந்திருந்தது. பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஒரு பக்கம், புதன்கிழமைக்காரர்கள் ஒரு பக்கம். நடுவில் ஹெட்விக், கறுப்பு உடையில், முன்னால் இருந்த தட்டைத் தொடாமல்.

இரண்டாவது கோப்பை ஒயினுக்குள் சண்டை ஆரம்பித்தது.

"பனிக்காலத்துலயே வந்திருந்தா இன்னிக்கு இங்க உக்காந்து என்னைத் திட்டிக்கிட்டு இருப்பான்," என்றார் வெஸ்ஸெலி. "முள்ளங்கிச் சாறாம். ஊசலாம். கூசாம வந்து சாப்பிடவும் செய்றாங்க."

திருமதி ஷிமெக் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "வீட்டுல இருந்த வரைக்கும் உசுரோடதான் இருந்தார். கத்தி பட்டதும் போயிட்டார். அதை யாருகிட்ட கேக்கறது, புரொஃபசர்?"

"சாவு வீட்டுல வந்து உளறாதீங்க, அம்மா."

"யாரு உளர்றது? அவர் எங்க ஆளு. உங்களுக்கு என்ன வேலை இங்க?"

"உங்க ஆளா? அவன் பௌதிகம் படிச்சவன். என் பக்கத்துல உக்காந்து படிச்சவன்."

குரல்கள் ஏறின. ஆளுக்கு ஒரு கையாகப் பிடித்து இறந்தவரை இழுத்தார்கள். யாரும் ஹெட்விக்கைப் பார்க்கவில்லை. நெஞ்சுக்குள் ஒரே கேள்விதான் பனிக்கட்டிபோல அவளுக்கு உட்கார்ந்திருந்தது: நான் கூட்டிக்கொண்டு போனதால் போனாரா, சீக்கிரம் கூட்டிக்கொண்டு போகாததால் போனாரா? இந்த இரண்டு பேரும் அந்தக் கேள்வியின் ஆளுக்கொரு பாதியைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் விரலை மடக்கினாள். மேசையில் இரண்டு தட்டு விழுந்தது.

"நாற்காலி மாற்று," என்றாள்.

பல்கலைக்கழகத்துக்காரர்களுக்கு உடனே புரிந்தது. புதன்கிழமைக்காரர்களுக்கும் தெரியும், அந்தச் சமையலறையில் பார்த்திருக்கிறார்கள். வெஸ்ஸெலி மறுப்பதற்காக வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். ஷிமெக்கும் எழுந்தாள். ஒருவரை ஒருவர் ஒதுங்கிக் கடந்து, அடுத்தவர் தட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்கள்.

"நீங்க முதல்ல," என்றாள் ஹெட்விக்.

வெஸ்ஸெலி தொண்டையைச் செருமினார். "போயிருக்கக்கூடாது," என்று ஆரம்பித்தார். "ஏன்னா... ஒரு மனுஷனுக்கு ஒரு கட்டடத்தைப் பார்த்தா பயம். முப்பது வருஷப் பயம். நான் அதைக் கொள்கைன்னு நினைச்சேன். கொள்கைன்னு நினைச்சுத் திட்டினேன். பக்கத்துல உக்காந்து படிச்சவன் நான். ரேஸியை நான் தோள்ல தூக்கியிருக்கேன். அவன் ஏன் இப்படி ஆனான்னு ஒரு தடவைகூட நேர்ல கேக்கல. கட்டுரைதான் எழுதினேன்." ஷிமெக்கின் தட்டிலிருந்த உருளைக்கிழங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷிமெக் கைக்குட்டையைப் பிசைந்தாள். "பனிக்காலத்துலயே போயிருக்கணும்," என்றாள். "கல்லு கரையும்னு ஒருத்தி சொன்னா. அவளுக்கு அது தெரியாது. சில பேருக்குக் கரைஞ்சிருக்கு, இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா இவருக்குக் கரையுமான்னு அவளுக்குத் தெரியாது. தெரியும்னு சொன்னா. சிரிச்சுக்கிட்டே சொன்னா." அவள் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள்.

பின்னர் எங்கோ ஒரு முனையில் ஒரு முட்டி மரத்தைத் தட்டியது. இன்னொன்று. இரண்டு பக்கமும் தட்டினார்கள். பரிமாறுகிற பெண் தட்டுகளை ஏந்தியபடி வாசலிலேயே நின்றுவிட்டாள். ஹெட்விக் மட்டும் தட்டவில்லை. அவள் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. கிடைக்காது என்று தெரிந்துகொண்டாள். ஆனால் இனி அதை அவள் தனியாகச் சுமக்கவேண்டியதில்லை.

வெஸ்ஸெலி அவளை டிராம் வரை கொண்டுவந்து விட்டார். "ஏதாவது வேணும்னா சொல்லு, ஹெடி."

"புதன்கிழமை காப்பிக்கு வாங்க."

"அந்தம்மா வருவாளே?"

"வருவா. உங்களுக்கு முதுகு வலிக்குதுன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க."

வெஸ்ஸெலி சிரிக்கப் பார்த்தார். பாதியில் சிரிப்பு உடைந்தது.

வீட்டில் மாலை வெயில் இன்னும் இருந்தது. ஹெட்விக் தொப்பியை ஆணியில் மாட்டினாள். சுவரில் துடைப்பத்துக் கிழவன் பறந்துகொண்டிருந்தான். மூக்கு நிஜமாகவே அநியாயம்தான். அவர் நாற்காலியில் உட்கார்ந்தாள். டொக். காலுக்கு அடியில் வைத்த காகிதம் எங்கோ போய்விட்டது. குனிந்து தேடினாள். புதிதாக மடிக்கலாம் என்று ஒரு செய்தித்தாளை எடுத்தாள். அதில் அவர் படம் இருந்தது, இறப்புச் செய்தியோடு. அதை மடிக்க மனம் வரவில்லை.

செய்தித்தாளை மேசைமேல் வைத்தாள். பிறகு அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் ஜன்னல் பக்கம் வைத்தாள். தன்னுடையதை இழுத்துவந்து சுவர்ப் பக்கம் வைத்தாள். இத்தனை காலம் அவர்கள்தான் மாறி மாறி உட்கார்ந்தார்கள். நாற்காலிகள் ஒரு நாளும் இடம் மாறியதில்லை.

ஜன்னல் பக்கம், அவர் நாற்காலியில் உட்கார்ந்தாள். முன்னால் சாய்ந்தாள். பின்னால் சாய்ந்தாள். பாறைபோல நின்றது.

சுவர்ப் பக்கம் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுடைய நல்ல நாற்காலி, ஒரு நாளும் ஆடாத நாற்காலி, அடியில் டொக்கென்று ஆடியது.

"தரைதான்," என்றாள் வெறும் அறையிடம். "அட, தரைதான்."

அங்கேயே, அந்த ஆட்டத்திலேயே உட்கார்ந்து, இனிமேல் சூப் குடிக்கும்போது எதைப் பேசுவது என்று யோசித்தாள். பிறகு கையை மடக்கி, மெதுவாக, மேசையைத் தட்டினாள்.